பச்சைக் கேட் வீட்டுக்கு ஒரு ஜெபக்குறிப்பு

அந்த வெள்ளத் துணிய நீங்க தொடாதீங்க தம்பி, நான் எடுக்கேன். ஆறு வருசமா டிவி மேல கெடக்கு. லெந்து நாளைக்குன்னு போத்துனது. நாப்பது நாளு முடிஞ்சு ஈஸ்டர் வந்தும் எடுக்கல, அப்படியே விட்டுட்டேன். எங்க வீட்டுக்காரவிய இருக்கும்போது வாங்குன டிவி. அவிய போனப்புறம் எனக்கு எதுக்கு? மவன் மஸ்கட்டுல இருக்கான், ஞாயித்துக்கெழம போன் போடுவான். நான் ஒத்தையாளு. எனக்கு வேதம் இருக்கு, பாட்டுப் புஸ்தகம் இருக்கு, ஜெபம் இருக்கு. பேப்பரு வாங்குறதில்ல. போன்ல இந்த வீடியோ கீடியோ பாக்குறதில்ல. மனசுக்குள்ள அழுக்கு போக நான் ஒரு வாசலும் தொறந்து வைக்கல.

பின்ன இப்ப எதுக்குக் கனெக்சன்னு கேக்கீங்க. வாயால கேக்கல, மூஞ்சி கேக்குது. தெருமுக்குலயே நாலு பேரு கேட்டிருப்பாவ, ‘தெபோராள் அக்கா வீட்டுக்கா? கேபிளா?’ன்னு. கேக்கட்டும். நீங்க வயர இழுங்க, நான் சொல்லுதேன். ஏழரைக்குள்ள படம் வந்துரும்லா? வந்துரணும்.

எதுத்தாப்புல பச்சைக் கேட் போட்ட வீடு பாத்தீங்களா, பூட்டித் தொங்குது. பியூலா வீடு. உங்க பழைய கஸ்டமருதான், உங்களுக்கே தெரியும். ‘நல்ல பொம்பள’ன்னு சொல்லுவீங்க. எல்லாரும் அப்படித்தான் சொல்லுதாவ. அவள நான் மன்னிக்க மாட்டேன் தம்பி. மன்னிக்கணும்னு வேதத்துல இருக்கு, தெரியும், எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். அவ கேக்கட்டும், மன்னிக்கேன். எந்த எடத்துல என்ன அவமானப்படுத்துனாளோ, அதே எடத்துல எந்திரிச்சு நின்னு, அதே பொம்பளைய முன்னால, ‘மதினி, நான் செஞ்சது தப்பு’ன்னு ஒரு வார்த்த சொல்லட்டும். நான் கேட்டது அவ்வளவுதான். அந்த ஒரு வார்த்தைக்கு ரெண்டு வருசம் காத்துக்கெடந்தேன்.

ஸ்டூலு ஆடும், பாத்து ஏறுங்க. ஒரு காலு குட்ட.

உங்களுக்கு எங்க கோயில் வழக்கம் தெரியாது, நெத்தியில திருநீறு இருக்கு. அதனால முதல்லருந்தே சொல்லுதேன். சாம்பல் புதன்னு ஒரு நாளு வரும். அன்னையிலருந்து நாப்பது நாளு லெந்து. சில பேரு கறிமீன் விடுவாவ, சில பேரு ஒரு நேரச் சாப்பாட்ட விடுவாவ. ஆறு வருசத்துக்கு முந்தி எங்க கன்வென்சனுக்கு ஒரு பிரசங்கியாரு வந்தாரு. ‘வயித்துக்கு உபவாசம் இருக்கீங்களே, கண்ணுக்கு இருந்தீங்களா? காதுக்கு இருந்தீங்களா? மனசுக்கு என்னத்தத் திங்கக் குடுக்கீங்க?’ன்னு கேட்டாரு பாருங்க, எனக்குப் பொட்டுல அடிச்சாப்ல இருந்துச்சு. சட்டியில இருந்தாத்தானே அகப்பையில வரும்? சாயங்காலம் ஆறு மணிலருந்து மாமியா மருமவளுக்கு விசம் வைக்குறதையும், மருமவ மாமியாளக் கெணத்துல தள்ளுறதையும் பாத்துட்டுப் படுத்தா, காலையில எந்திரிச்சு வாயில ஸ்தோத்திரமா வரும்?

நான் அப்ப பெண்கள் சங்கச் செயலாளர். வீடு வீடாப் போனேன் தம்பி. சாம்பல் புதன் அன்னைக்கு ஒரு பெரிய பிஸ்கட் டப்பாவ எடுத்துக்கிட்டு, முப்பத்தோரு வீட்டுலயும் ரிமோட்ட வாங்கிட்டேன்.

சிரிக்காதீங்க. கீழ விழுந்துருவீங்க.

ஒவ்வொரு ரிமோட்டுலயும் பிளாஸ்திரி ஒட்டி பேரு எழுதி, டப்பாவ என் பீரோவுல வச்சுப் பூட்டிருவேன். டிவி மேல ஒரு வெள்ளத் துணி போத்தி ஜெபம் பண்ணிட்டு வருவேன். ஈஸ்டருக்கு மறுநாள்தான் திருப்பிக் குடுப்பேன். முதல் வருசம் ஏமாத்திட்டாளுவ. டிவி ரிமோட்ட எங்கிட்டக் குடுத்துட்டு, உங்க செட்டாப் பாக்ஸ் ரிமோட்ட வச்சு ஓட்டிருக்காளுவ. எனக்கு என்ன தெரியும், ஒரு டிவிக்கு ரெண்டு ரிமோட்டுன்னு? மறுவருசம் ரெண்டையும் வாங்குனேன். ஆம்பளைய எல்லாம் என்னக் கண்டா ரோட்டுல ஒதுங்கிப் போவாவ. கிரிக்கெட் நடக்குது, பாவம். ஆனா சங்கம் அந்த நாப்பது நாளும் எப்படி இருந்துச்சு தெரியுமா? சாயங்காலமானா வீட்டுக்கு வீடு பாட்டுச் சத்தம். ஐயரே, அதான் எங்க பாதிரியாரு, பிரசங்க பீடத்துல என் பேரச் சொன்னாரு.

இது ரெண்டு வருசத்துக்கு முந்துன லெந்துல நடந்தது. பியூலா ரிமோட்டு ரெண்டும் என் டப்பாவுல கெடக்கு. முதல் வாரத்துல ஒருநாள் கறிவேப்பிலைக்குப் போனேன். அவ முத்தத்துல மரம் நிக்குல்லா, இங்கருந்து தெரியுதே, அதுதான். சன்னல் தொறந்து கெடந்துச்சு. எட்டிப் பாத்தா, டிவி ஓடுது.

அப்படியே திரும்பிட்டேன். வீட்டுக்கு வந்து டப்பாவத் தொறந்து அவ ரிமோட்ட எடுத்துப் பாத்தேன். ஒண்ணு எந்தக் காலத்துலயோ செத்துப்போன சிடி பிளேயரு ரிமோட்டு. இன்னொண்ணுல பேட்டரி போடுத எடமே உடைஞ்சிருக்கு. ஆண்டவர் பேரால வாங்குன டப்பாவுல செத்த ரிமோட்டப் போட்டிருக்கா.

அவ வீட்டு நெலம உங்களுக்குத் தெரியும். அருமைநாயகம் அண்ணாச்சி, அவ வீட்டுக்காரரு, முப்பது வருசம் பஸ் கண்டக்டரா நின்னவரு, ஒரு பக்கம் இழுத்து கட்டில்ல விழுந்துட்டாரு. பேச்சும் போச்சு. ஏழரைக்கு அந்த நாடகம் போடுவான்லா, செண்பகம்னு ஒரு புள்ள வருமே, கைப்பிள்ளையோட மாமியா வீட்டுலருந்து வெரட்டி விட்டுருவாவ. அந்தப் புள்ள வந்தாத்தான் அண்ணாச்சி வாயத் தொறப்பாரு. இவ சட்டுன்னு ஒரு ஸ்பூன் கஞ்சிய ஊத்துவா. வெளம்பரம் வந்தா மூடிக்கிடுவாரு. திரும்ப செண்பகம் வரணும். ஒரு கிண்ணக் கஞ்சிக்கு ஒரு நாடகம் சரியாப் போவும்.

அதெல்லாம் ஒரு காரணமா தம்பி? படுக்கையில கெடக்குத மனுசனுக்கு வேதத்த வாசிச்சுக் காட்டி ஊட்டக் கூடாதா? பாடிக் காட்டி ஊட்டக் கூடாதா?

அன்னைக்கே உள்ள போய்க் கேட்டிருக்கலாமேன்னு நெனைப்பீங்க. நான் அவசரக்காரி இல்ல. ஒருநாள் பாத்துட்டுச் சொன்னா அது கோளு. நாப்பது நாளும் பாத்துட்டுச் சொன்னாத்தான் அது சாட்சி. அதனால தெனமும் ஏழரைக்கு நேரே போய் அந்தச் சன்னல்ல நின்னேன். கால் வலிக்கும். நின்னேன். கறிவேப்பில வாங்குன மாதிரியும் இருக்கும்.

அண்ணாச்சி என்னப் பாத்துட்டாரு. ரெண்டாவது நாளே பாத்துட்டாரு. அந்த நல்ல கைய, எடது கைய, இப்படித் தூக்குவாரு. பஸ்ஸுல எடம் இருக்கு, ஏறுன்னு காட்டுவாவல்லா, அந்த மாதிரி. செண்பகத்துக்கு ஏதாவது கெடுதல் நடந்துட்டுன்னா என்னத் திரும்பிப் பாப்பாரு. நானும் தலைய ஆட்டுவேன், என்ன செய்ய, வியாதிக்காரரு. ஒருநாளு எனக்குக் காச்சலு, போகல. மறுநாள் போனப்ப, அவரு கை தூக்கவே இல்ல, மொறச்சுக்கிட்டுக் கெடந்தாரு. பியூலா சிரிச்சா. ‘நேத்து உங்களத் தேடிட்டாவ மதினி’ன்னா. நான் கேட்டேன், ‘நேத்து என்னாச்சு?’ன்னு. அவ சொன்னா, செண்பகத்த அண்ணங்காரன் வந்து கூட்டிட்டுப் போனத.

அந்த ஒரு கேள்விதான் தம்பி. ‘நேத்து என்னாச்சு.’ அதத்தான் எடுத்து என் கழுத்துல வச்சா.

ஈஸ்டர் முடிஞ்ச புதன்கிழம சங்கக் கூட்டம். சாட்சி சொல்லுத கூட்டம். நான் எந்திரிச்சு, பேரு சொல்லாம, ‘நம்மள்ல ஒரு வீடு ஆண்டவர ஏமாத்திட்டு. நாப்பது நாளும் ஏமாத்திட்டு. நான் கண்ணால கண்ட சாட்சி’ன்னேன். எல்லாரும் ஒருத்தர ஒருத்தர் பாக்காவ. எனக்கு உள்ளுக்குள்ள, சும்மா சொல்லக் கூடாது, இனிப்பாத்தான் இருந்துச்சு. அப்ப பின் வரிசையிலருந்து பியூலா எந்திரிக்கா. மெதுவாத்தான் பேசுனா, அவளுக்குச் சத்தமே வராது.

‘அது நான்தான். அவியளுக்கு அந்த நேரத்துல டிவி இல்லன்னா கஞ்சி எறங்காது. சொல்ல வெக்கப்பட்டுக்கிட்டு செத்த ரிமோட்டக் குடுத்துட்டேன், தப்புத்தான். தெபோராள் மதினிக்கு எல்லாம் தெரியும். அவியளும் நாப்பது நாளும் எங்க கூடச் சேர்ந்துதான் பாத்தாவ. ஒருநாள் காச்சலுன்னு வரல, மறுநாள் வந்து நேத்து என்னாச்சுன்னு கேட்டாவ.’

முதல்ல யாரோ ஒருத்தி களுக்குன்னா. பெறவு மொத்த சங்கமும். ஐயரம்மா, பாதிரியாரு சம்சாரம், முந்தானைய வாயில வச்சுக்கிட்டு குலுங்குதாவ. நாலு வருசமா நான் கட்டிக் காத்த பேரு தம்பி. தெருவுல ஆம்பளைய ஒதுங்கிப் போன பேரு. அந்தச் சிரிப்புல போச்சு. எதிரி என்ன ஆயுதம் வச்சிருக்கான்னு தெரியாம யாரு சண்டைக்குப் போவா? அதுக்குத்தானே கேட்டேன் நேத்து என்னாச்சுன்னு? இத அவளுவளுக்குச் சொன்னா இன்னும் சிரிச்சாளுவ.

மறுமாசம் செயலாளர் பதவிய மாத்துனாவ. பியூலாவுக்குக் குடுத்தாவ. அவ ‘எனக்கு வேண்டாம், மதினியே இருக்கட்டும்’னுட்டா. கொண்டுபோனாக்கூடத் தாங்கிருப்பேன். பிச்ச போடுத மாதிரித் திருப்பித் தந்தா பாருங்க, அத இன்னைக்கு வரைக்கும் செமிக்க முடியல. நானும் வேண்டாம்னுட்டேன். அன்னைக்கு ராத்திரி முழங்கால்ல நின்னு ஆண்டவருகிட்டச் சொன்னேன், இவள அதே எடத்துல நிக்க வைக்காம விடமாட்டேன்னு.

டீ போடட்டா? வேண்டாமா? சரி, வேலைய முடிங்க.

எங்க சங்கத்துல ஜெபக்குறிப்புன்னு ஒண்ணு உண்டு. கூட்டத்துக் கடைசியில ஒவ்வொருத்தரா எந்திரிச்சு, ‘மவளுக்குப் பரீட்ச’, ‘மாமாவுக்கு ஆப்ரேசன்’னு எதுக்கு ஜெபிக்கணுமோ அதச் சொல்லணும். மத்தவியளுக்காகவும் சொல்லலாம், அப்ப பேரு சொல்லப்படாது. ஒருத்தர் ஜெபக்குறிப்பு சொல்லும்போது நடுவுல பேசப்படாது, மறுத்துச் சொல்லப்படாது, சிரிக்கவே படாது. எல்லாரும் முழங்கால் போட்டு அதுக்காக ஜெபிச்சே ஆகணும். எங்க மாமியா காலத்துலருந்து அப்படி.

எனக்கு அதுதான் கெடச்சுது.

நான் புறணி பேசுத பொம்பள இல்ல, தெருவுல யாரையும் கேளுங்க. பேரு சொன்னதே இல்ல. ‘பச்சைக் கேட் வீட்டுக்காக ஜெபிச்சுக்கிடுங்க’ன்னுதான் சொல்லுவேன். இந்தத் தெருவுல பச்சைக் கேட்டு ஒண்ணுதான் இருக்குன்னா அதுக்கு நான் என்ன செய்ய? ‘அந்த வீட்டுல ஒரு சகோதரி ஞாயித்துக்கெழம கோயிலுக்குப் பாட்டு முடிஞ்சப்புறம்தான் வாராவ, அவியளுக்கு சபை மேல பாரம் வரணும்.’ ‘அந்த வீட்டுல விளக்கு விடியக்காலம் நாலே காலுக்கு எரியுது, ஜெபிக்கவா வேற எதுக்கான்னு தெரியல.’ ஒவ்வொரு புதனுக்கும் ஒண்ணு. இந்தா பாருங்க, இந்த நோட்டு. ஜெபக்குறிப்பு நோட்டு. இது ரெண்டாவது, முதல் நோட்டு தீந்துபோச்சு. சும்மா வாய்க்கு வந்ததச் சொல்லிரக் கூடாதுல்லா, ஆண்டவருகிட்டப் போற விசயம். அதனால நல்லாப் பாத்து, நேரம் போட்டு எழுதி வச்சிருக்கேன். நாலே காலுக்கு விளக்கு. அஞ்சுக்கு அண்ணாச்சிக்குத் தொடைப்பு. எட்டரைக்குத் துணி காயப்போடுவா, அவரு வேட்டி எல்லாம் கொல்லப்பக்கம். மத்தியானம் அவ சாப்பிட மூணு மணி ஆகும், நின்னுக்கிட்டேதான் திம்பா. அவ தும்முனாக்கூட எனக்கு இங்கருந்து தெரியும். அப்படிக் கருத்தா ஜெபிச்சேன்.

வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம பதினொரு மணிக்கு ஒரு ஆம்பள பைக்குல வருவான். உள்ள போயி முக்கா மணிநேரம். அதையும் ஒரு புதன்ல சொன்னேன். ‘பச்சைக் கேட் வீட்டுக்கு வெள்ளிக்கெழம தோறும் வந்து போற ஒரு வாலிபனுக்காக’ன்னு. வேற ஒரு வார்த்த சேக்கல. மூணு வாரம் கழிச்சு அவன் வரல. அண்ணாச்சிக்குக் கை கால் தேச்சு விட வந்த பிசியோதெரபிக்காரனாம். எனக்கு அது எப்படித் தெரியும்? தெரிஞ்சிருந்தாலும் அவனுக்காக ஜெபிக்கக் கூடாதா? அவன் வீட்டுல போயி யாரோ என்னமோ சொல்லிட்டாளாம், வரமாட்டேன்னுட்டானாம். அது அவன் வீட்டுப் பிரச்சன.

உங்க ஸ்க்ரூ ஒண்ணு கீழ விழுந்துட்டு. இந்தாங்க.

அப்புறமும் பியூலா வாயத் தொறக்கல. கூட்டத்துக்கு வாரதும் கொறஞ்சுது. நான் விடல. கார்த்திகை மாசம், மழைக்காலம், ‘பச்சைக் கேட் வீட்டுல நாமளே போயி ஜெபிக்கணும்னு பாரமா இருக்கு’ன்னு சொன்னேன். ஜெபக்குறிப்புல்லா, மறுக்க முடியாது. பன்னெண்டு பேரு கொடையப் புடிச்சுக்கிட்டுப் போனோம். சரியா ஏழரைக்கு. அந்த நேரம் நான்தான் சொன்னேன். டிவி ஓடிக்கிட்டிருக்கு, அண்ணாச்சி வாயில கஞ்சி. பியூலா எங்களப் பாத்ததும் டிவிய அமத்திட்டா. அண்ணாச்சி திரும்பி என்னப் பாத்தாரு. நான் கையப் பாத்தேன். எடது கைய இந்த அளவுக்குத்தான் தூக்க முடிஞ்சுது, பாதிலயே விழுந்துட்டு.

நாங்க பாடுனோம், ஜெபிச்சோம், ஒரு மணிநேரம் ஆச்சு. கஞ்சி ஆறிப்போச்சு. கெளம்பும்போது வாசல்ல வச்சு பியூலா என் கையப் புடிச்சா. இப்பக் கேக்கப் போறா, இங்கனயே கேட்டாலும் ஒத்துக்கிடுவோம்னு நெனச்சேன். அவ கேக்கல.

‘மதினி, சட்டியில இருந்தாத்தான் அகப்பையில வரும்னு சொல்லுவீங்க. ஒரு வருசமா உங்க அகப்பையில நான் மட்டுந்தான வாரேன்’ன்னா.

எவ்வளவு திமிரு பாருங்க. பன்னெண்டு பேரு ஜெபிச்சு முடிச்ச சூட்டுல பேசுத பேச்சா அது? நான் கைய உருவிக்கிட்டு வந்துட்டேன். மறுநாள் ஏழரைக்கு இந்த நாற்காலியில உக்காந்து பாக்கேன், சன்னல் அடைச்சிருக்கு. அதுக்கு மறுநாளும் அடைச்சிருக்கு. அதுக்கப்புறம் அந்தச் சன்னல அவ தொறக்கவே இல்ல. உள்ள சத்தம் கேக்கும், செண்பகம் அழுத சத்தம், என்னமோ சண்ட. யாரு யாரோட சண்டன்னு தெரியாது. அண்ணாச்சி கஞ்சி குடிச்சாரா குடிக்கலையான்னு தெரியாது. நோட்டுல என்னத்த எழுத? ‘சன்னல் அடைப்பு. சன்னல் அடைப்பு’ன்னு எழுதிருக்கேன் பாருங்க, எத்தன பக்கம்.

தை மாசம் அவரு போயிட்டாரு. நெஞ்சுல சளின்னு டாக்டரு சொன்னாரு. சளிக்கு யாரு என்ன செய்ய முடியும்? போனேன், எழவுக்குப் போகாம இருக்க முடியுமா? ரெண்டு கையையும் சேத்து நெஞ்சு மேல வச்சுக் கட்டிருந்தாவ. நான் அந்த எடது கையத்தான் பாத்துக்கிட்டு நின்னேன். அழுதேன். எம் புருசன் செத்ததுக்குக் கூட அப்படி அழல, சனமெல்லாம் பாத்துச்சு. பியூலா ஒரு டம்ளர் தண்ணி கொண்டுவந்து குடுத்தா. குடிச்சேன். தண்ணியக் குடிச்சதுனால மன்னிச்சுட்டேன்னு ஆயிருமா? ஆகாது.

அவரு போனப்புறமும் ஏழரைக்கு அந்த வீட்டுல சத்தம் கேக்கும். யாருக்கு ஊட்ட? ஒத்தையில உக்காந்து பாத்துருக்கா. அடைச்ச சன்னலுக்கு அந்தப் பக்கம் அவ, இந்தப் பக்கம் நான். பெறவு ரெண்டு மாசத்துக்கு முந்தி அந்தச் சத்தமும் ஒருநாள் நின்னுட்டு. டிவிய வித்துட்டான்னு நெனச்சேன்.

போன மாசம் ஒரு புதன்கிழம கூட்டத்துக்கு வந்தா. மதுரையில மவ வீட்டோட போறாளாம், கடைசிக் கூட்டம். ஜெபக்குறிப்பு சொல்லுத நேரம், பின் வரிசையில எந்திரிச்சா. அதே எடம். நான் சேலைய இழுத்து விட்டு நிமுந்து உக்காந்தேன். சொல்லு. சொல்லிட்டுப் போ. நானும் மன்னிச்சேன்னு சொல்லி கட்டிப் புடிச்சு அனுப்புதேன்னு இருந்தேன். சத்தியமா அப்படித்தான் இருந்தேன்.

அவ சொன்னா, ‘எனக்கு ஒரு ஜெபக்குறிப்பு இருக்கு. பேரு சொல்லல. எங்க வீட்டுக்கு எதுத்தாப்புல ஒரு அக்கா ஒத்தையில இருக்காவ. நான் போனப்புறம் ஏழரை மணிக்கு அவியளுக்குப் பாக்க ஒண்ணும் இருக்காது. அவியளுக்காக எல்லாரும் ஜெபிச்சுக்கிடுங்க.’

ஒருத்தி கூடச் சிரிக்கல. சிரிச்சிருந்தா எந்திரிச்சு நாலு வார்த்த கேட்டிருப்பேன். அத்தன பேரும் முழங்கால் போட்டுட்டாளுவ. நானும் போட்டேன், போடாம இருக்க முடியுமா? எனக்காக முப்பது பொம்பளைய ஜெபிக்காளுவ, கண்ணீரு விட்டு ஜெபிக்காளுவ. நடுவுல நான் உக்காந்து எனக்கே ஆமென் சொல்லுதேன். நான் எடுத்த கத்தியாலயே என்னக் குத்திட்டு, மறுநாள் காலையில லாரியில சாமான ஏத்திக்கிட்டுப் போயிட்டா.

அன்னையிலருந்து தெனமும் ஏழரைக்கு எவளாவது ஒருத்தி வந்து கதவத் தட்டுதா. ‘சும்மா பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்க்கா.’ முறுக்கக் கொண்டு வாராளுவ. பாவமாப் பாக்காளுவ. நாடகத்த விட்டுட்டு வாராளுவ தம்பி! என் டப்பாவுக்கு ரிமோட்டத் தர மூக்கால அழுதவளுவ! அந்தப் பார்வையத் தாங்க முடியல.

அதான் உங்களுக்குப் போன் பண்ணுனேன். ஏழரைக்கு இவளுக்குப் பாக்க ஒண்ணுமில்லன்னு சொன்னால்லா? இப்ப வந்து பாக்கட்டும். அவ சொன்ன ஜெபக்குறிப்பு பொய்யாப் போகணும். இன்னைக்கு எவ வந்தாலும் நான் செண்பகத்தப் பாத்துக்கிட்டு இருக்கணும், சத்தமா வச்சு, வாசலத் தொறந்து போட்டு. இந்தச் சேதி மதுரைக்குப் போகணும். அதுக்குத்தான் இந்த வெள்ளத் துணிய எடுத்தேன், வேற ஒரு ஆசையும் இல்ல.

வந்துட்டா? படம் நல்லாத்தான் தெரியுது. மணி என்ன, ஏழு இருவத்தஞ்சா? அந்தச் சேனல வைங்க. ஏழரை நாடகம். ஆமா, செண்பகம்.

இது யாரு? இது வேற புள்ளயால்லா இருக்கு. சேனல் மாறிட்டா? நல்லாப் பாருங்க.

முடிஞ்சுபோச்சா?

எப்ப? ரெண்டு மாசமா... ஓ. அதான் அந்தச் சத்தம் நின்னுச்சா.

கடைசியில என்னாச்சு தம்பி? அந்தப் புள்ள கைப்பிள்ளையோட எங்க போச்சு? அண்ணங்காரன் வச்சுக்கிட்டானா, மாமியாகாரி வந்து கூப்பிட்டாளா? நீங்க பாக்குறதில்லையா? ஊருக்கெல்லாம் கனெக்சன் குடுக்கீங்க, ஒரு நாடகம் பாத்ததில்லையா? சங்கத்துல எவகிட்டயும் நான் கேக்க முடியாது. இந்த வாயால கேக்க முடியுமா? நாளைக்கே ஜெபக்குறிப்பாயிரும்.

அவளுக்குத் தெரியும். அவ கடைசி வரைக்கும் பாத்திருப்பா.

தம்பி, பழைய கஸ்டமரு நம்பரெல்லாம் உங்க போன்ல இருக்கும்லா? பச்சைக் கேட் வீடுன்னு போட்டிருப்பீங்க, இல்ல பியூலான்னு போட்டிருப்பீங்க, பாருங்க. மன்னிப்புக் கேக்குறதுக்கெல்லாம் இல்ல. நான் எதுக்குக் கேக்கணும்? கடைசியில என்னாச்சுன்னு அது ஒண்ணு மட்டும் கேட்டுட்டு வச்சிருவேன். வேற ஒரு வார்த்த பேச மாட்டேன்.

நீங்க மெதுவாச் சொல்லுங்க, நான் இந்த நோட்டுலயே எழுதிக்கிடுதேன்.